எப்படிச் சுடுதுன்னு சொல்லு

எனக்குப் போலந்து பாஷையில் பதினோரு சொற்கள் தெரியும். பதினொன்றும் சூட்டைப் பற்றியவை. நாளைக்கே யாராவது என்னைக் கொண்டுபோய் போலந்தில் இறக்கிவிட்டால், தண்ணீர் வேண்டும் என்று கேட்கத் தெரியாது, கக்கூஸ் எங்கே என்று விசாரிக்கத் தெரியாது. ஆனால் அன்றைய வெயில் எந்த ரகம் என்று நடுத்தெருவில் நின்று பிழையில்லாமல் சொல்லிவிடுவேன். அந்த ஊரில் வருஷத்தில் பாதி நாள் வெயிலே இல்லையாம். என் படிப்பெல்லாம் இப்படித்தான் அமையும்.

வீட்டில் மனைவி தேத்தண்ணிக் கோப்பையை நீட்டி, "சூடு போதுமா?" என்பாள். நான் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு "லெத்னி" என்பேன். வெதுவெதுப்பு என்று அர்த்தம். கல்யாணமான புதிதில் கோபித்துக்கொண்டாள். இப்போது, "அந்த ஊர்க்காரியையே கட்டியிருக்க வேண்டியதுதானே" என்று சொல்லிக்கொண்டே கோப்பையைத் திரும்ப வாங்கிப் போகிறாள். அந்த ஊர்க்காரன் ஒருவன் வந்து போயிருக்காவிட்டால் அவளையே நான் கட்டியிருக்க முடியாது. அது அவளுக்கும் தெரியும்.

இந்தப் பதினொன்றையும் என் மண்டையில் ஏற்றியவர் எங்கள் தேயிலைத் தோட்டத்து மருந்துக்காரர், டிஸ்பென்சர்.

தோட்டம் இலங்கையில், மாத்தளைக்கு மேலே எல்கடுவப் பக்கம். அறுபதுகளின் நடுவில் நான் அங்கே ஸ்டோரில் சின்னக் கிளாக்கர். தேயிலைத் தூள் போடும் தொழிற்சாலையைத்தான் நாங்கள் ஸ்டோர் என்போம். ஸ்டோருக்கு மேலே ஒரு வளைவு ஏறினால் மருந்துச்சாலை. ஒரு அறை, ஒரு கட்டில், ஒரு அலுமாரி, வாசலில் ஒரு நீள பெஞ்சு. உள்ளே அவர். குள்ளமான ஆள். வெள்ளைச் சட்டைப் பையில் மற்ற உத்தியோகஸ்தர்கள் பேனா குத்திக்கொள்ளும் இடத்தில் அவர் தெர்மோமீட்டர் குத்தியிருப்பார். ஒருமுறை மறதியில் அதை எடுத்து லீவு பேப்பரில் கையெழுத்துப் போடப் பார்த்ததை நானே கண்டேன்.

அவருக்கு உலகத்தில் பிடிக்காத சொல் ஒன்று உண்டென்றால் அது "சுடுது."

"சுடுதுன்னு சொல்லாத. எப்படிச் சுடுதுன்னு சொல்லு" என்பார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தூக்கிக்கொண்டு ஓடி வருபவளிடமும் அதே கேள்விதான். காந்துதா? தகிக்குதா? உள்ளே இருந்து வருதா, மேலே தடவினாப்புல இருக்கா? வெறுமனே "காய்ச்சலுங்கய்யா" என்று சொன்னவர்கள் பெஞ்சின் கடைசிக்குப் போக வேண்டும். யோசித்து வந்தவர்களுக்கு மருந்து முதலில் கிடைக்கும். மூக்காயி என்று ஒரு கொழுந்துக்காரி ஒருநாள், "மத்தியானக் கல்லுல குந்தினாப்புல இருக்குதுங்க" என்று சொல்லப் போக, மனிதர் கதிரையிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். அவளுக்கு மிக்ஸ்சர் மருந்துப் போத்தல் கழுத்து வரைக்கும் நிறைந்தது.

அன்றிலிருந்து மருந்துச்சாலை வாசலில் காலையில் நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நடுக்கத்தோடு நடுக்கமாக ஒத்திகையும் நடக்கும்.

"நீ என்ன சொல்லப் போற?"

"ரொட்டிக் கல்லுன்னு."

"அத எங்க அத்தை நேத்தே சொல்லிருச்சு. வேற பாரு."

"வேற என்னாத்தடி சொல்றது, தலை சுத்துது."

"அதச் சொல்லித் தொலையாத. அது சூடு இல்ல."

என் கதையும் உண்டு. ஒரு திங்கட்கிழமை எனக்கு வேலைக்குப் போக மனமில்லை. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய், "உடம்பு கொதிக்குதுங்கய்யா" என்றேன். வாயில் தெர்மோமீட்டரை வைத்தார். எடுத்துப் பார்த்தார். ஜன்னல் பக்கம் திருப்பி இன்னொரு தரமும் பார்த்தார்.

"கொதிக்குதுன்னா தண்ணி கொதிக்கிற சூடு. அந்தச் சூட்டுல நீ இருந்தா இந்நேரம் வெந்து எலும்பு கழண்டிருக்கும். உனக்கு இருக்கிறது சோம்பல். அதுக்குச் சூடே கிடையாது." அலுமாரியைத் திறந்து விளக்கெண்ணெய் போத்தலை எடுத்தார். அன்று நான் வேலைக்குப் போகவில்லைதான். ஆனால் உட்கார்ந்த இடத்தில் உட்காரவும் முடியவில்லை.

இப்படிப்பட்ட ஆளின் காலடிக்குத்தான் போலந்து வந்து சேர்ந்தது.

ஸ்டோரில் பழைய டிரையர் ஒன்று இருந்தது. கொழுந்தை உலர்த்தித் தூளாக்கும் மெஷின். அது உயிரை விட்டதும், கம்பெனி புதிதாக ஒன்று வாங்கியது. எங்கே மலிவாய்க் கிடைத்ததோ, போலந்திலிருந்து கப்பலில் வந்து, மாத்தளையிலிருந்து லொறியில் பெட்டி பெட்டியாக ஏறியது. கடைசி லொறியில் பெட்டிகளோடு ஒரு போலந்துக்காரனும் இருந்தான். மெஷினைப் பொருத்திப் பூட்டி, ஓட்டிக் காட்டுவதற்கு. ஆறடிக்கு மேல் உயரம், தலையில் ஓலைத் தொப்பி, மூன்றாம் நாளே தோல் உரிந்த மூக்கு. நல்ல மனிதன். யாரைக் கண்டாலும் தொப்பியைத் தூக்குவான், ஸ்டோர் நாயைக் கண்டாலும். ஆனால் அவனுக்குப் போலிஷ் தவிர வேறொன்றும் தெரியாது.

மெஷினைப் பூட்டினான். ஓட்டினான். முதல் கிழமை, அதாவது முதல் வாரத்துத் தூளின் மாதிரி கொழும்புக்குப் போய், ருசி பார்க்கிறவரிடமிருந்து ரிப்போர்ட் வந்தது. "ஸ்டியூட்" என்று ஒரே வார்த்தை. ஈரத்தோடு கிடந்து அவிந்த ருசி என்று அர்த்தம். போலந்துக்காரன் எதையோ முறுக்கினான். இரண்டாம் கிழமை ரிப்போர்ட்டில் "பேக்கி" என்று வந்தது. அடுப்பில் மறந்து வைத்த ரொட்டி மாதிரி வறண்ட ருசியாம்.

தோட்டத்தை நடத்தும் துரை ஸ்டோருக்கு வந்தார். கொழும்புக்காரர், தன் நாயோடும் இங்கிலீஷில் பேசுகிறவர். எங்களோடு மட்டும் அவர் தமிழில் பேசுவார், அதுவும் அநேகமாகக் கோபத்தில்.

"இவன் இன்னும் ரெண்டு கிழமையில கப்பல் ஏறுவான். அதுக்குள்ள தூள் சரி வரல, ஸ்டோர் மூடு! கொழுந்து எல்லாம் பக்கத்துத் தோட்டத்துக்கு லொறியில போகும்."

ஸ்டோரில் வேலை செய்தவர்கள் நாற்பது சொச்சம் பேர். அவர்களாவது மலைக்குப் போய்க் கொழுந்து எடுக்கலாம். நான் கூடையைக் கட்டிக்கொண்டு போனால் தேயிலைச் செடியே வாய்விட்டுச் சிரிக்கும். அதைவிட முக்கியம், ரத்தொட்டையில் எனக்குப் பெண் பார்த்து முடித்திருந்தார்கள். "மாப்பிள்ளை ஸ்டோர் உத்தியோகம்" என்ற ஒரே காரணத்துக்காக என் முகத்தை மன்னித்த மாமனார். ஸ்டோர் போனால் முகம் மட்டும்தான் மிஞ்சும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கோளாறு என்னவென்று எங்கள் டீமேக்கருக்கு முதல் நாளே தெரியும். தூள் போடுவதில் முப்பது வருஷம் பழுத்த கோபக்காரக் கிழவர். "எடுத்த எடுப்புல சூடு அடிக்கணும். போகப் போகத் தடவி விடணும். இவன் தலைகீழா செய்றான். மெல்ல மெல்ல ஏத்தி, கடைசியில பொசுக்குறான்" என்று கத்திக்கொண்டே இருந்தார். போலந்துக்காரனிடம் சைகையும் காட்டினார். டிரையரின் முன்பக்கத்தில் பளாரென்று ஓர் அறை, பின்பக்கத்தில் மெல்ல ஒரு தடவல். இவருக்கு மெஷின் மீது இவ்வளவு பாசமா என்று நெகிழ்ந்துபோன போலந்துக்காரன் தானும் அதேபோல் அறைந்து தடவிவிட்டுத் தொப்பியைத் தூக்கினான்.

துரையிடமும் டீமேக்கர் சொன்னார். துரை கேட்டார், "ரிப்போர்ட்ல இருக்கா அது?"

"இல்லீங்க தொரை."

"ரிப்போர்ட்ல என்ன இருக்கோ அதத்தான் அவனுக்குச் சொல்லணும்."

அதாவது, கொழும்பில் ருசி பார்க்கிறவர் இங்கிலீஷில் எழுதிய சூட்டுச் சொற்களைப் போலிஷில் மாற்றிச் சொல்ல ஆள் வேண்டும். டீமேக்கரின் தமிழை மாற்றலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை. தமிழில் சொல்வதெல்லாம் புலம்பல், இங்கிலீஷில் எழுதுவதுதான் சங்கதி என்று அன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் இரத்தத்தில் ஊறியிருந்தது.

துரை டிஸ்பென்சரைக் கூப்பிட்டனுப்பினார்.

"நீ ஆர்.சி. அவனும் ஆர்.சி. ரெண்டு பேருக்கும் லத்தீன் தெரியும். பேசிக்குங்க."

டிஸ்பென்சர் சின்ன வயதில் மாத்தளைக் கோயிலில் லத்தீன் பூசைக்கு உதவியவர். போலந்துக்காரன் கழுத்தில் மாதா சுரூபம் தொங்கியது. துரையின் கணக்கு அவ்வளவுதான்.

டிஸ்பென்சர் தொண்டையைச் செருமிக்கொண்டு போய் டிரையர் பக்கத்தில் நின்றார். அண்ணாந்து பார்த்து, கைகளை விரித்து, "தோமினுஸ் வோபிஸ்கும்" என்றார். ஆண்டவர் உங்களோடு இருப்பாராக.

போலந்துக்காரன் திடுக்கிட்டான். தொப்பியைக் கழற்றினான். "எத் கும் ஸ்பிரித்து துவோ" என்றான். உமது ஆவியோடும் இருப்பாராக.

"பாத்தியா! பேசிட்டாங்க!" என்று துரை திருப்தியோடு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

அதற்குமேல் இருவருக்கும் பேச வேறு லத்தீன் இல்லை. தெரிந்ததைத் தெரிந்த வரிசையில் சொல்லிக்கொண்டே போனார்கள். பிழையை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தன மந்திரத்தில் இரண்டு பேரும் மார்பில் மூன்று தரம் அடித்துக்கொண்டார்கள். தூள் சலிக்கும் சல்லடைப் பெண்கள் வேலையை நிறுத்தி முந்தானையைத் தலைக்குப் போட்டார்கள். டீமேக்கர் சைவர், எதற்கும் இருக்கட்டும் என்று செருப்பைக் கழற்றினார். டிரையர் மட்டும் எதையும் பொருட்படுத்தாமல் தூளைக் கெடுத்துக்கொண்டே இருந்தது.

போலந்துக்காரனிடம் ஓர் அகராதி இருந்தது. ஆனால் அது போலிஷிலிருந்து இங்கிலீஷுக்குப் போகும் பாகம். இங்கிலீஷிலிருந்து போலிஷுக்கு வரும் பாகத்தை ஊரிலேயே மறந்துவிட்டு வந்திருந்தான். முத்துச்சாமி வீடு எது என்று தெரிய வேண்டுமானால், முதல் லய வரிசை வீட்டிலிருந்து ஒவ்வொரு கதவாகத் தட்டி "நீ யாரு?" என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். அந்த மாதிரி.

டிஸ்பென்சர் தட்டினார். முதல் பக்கத்தின் முதல் சொல்லிலிருந்து. ஐந்து நாள். மருந்துச்சாலை மேசையில் இடது பக்கம் அகராதி, வலது பக்கம் காய்ச்சல்காரர்களைப் பதியும் பெரிய கொப்பி. அதில் அச்சிட்ட கட்டங்கள் இருக்கும். பெயர் என்ற கட்டத்தில் போலிஷ் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதினார். லய இலக்கம் என்ற கட்டத்தில் அகராதிப் பக்கம். சூடு என்ற கட்டத்தை வெறுமையாக விட்டார். லெத்னி, சியெப்வி, கொரொன்த்ஸி, பார்னோ, ஸ்க்வார், ஜார்... பெஞ்சில் நடுங்கிக்கொண்டிருந்த சனங்களுக்கு, உள்ளே யாரோ புது நோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதாகத்தான் தோன்றியிருக்கும்.

தூள் சரிவரும்வரை ஸ்டோரை நிறுத்தி வைத்ததால், அவருக்கு எழுத்து வேலை செய்ய என்னை அனுப்பியிருந்தார்கள். ஒருநாள் கேட்டேன். "ஐயா, இவ்வளவு பார்த்தீங்களே, நல்லதுங்கிறதுக்கு அவன் பாஷையில என்ன?"

"பாக்கல."

"நன்றிக்கு?"

"அது சூடு இல்லியே தம்பி."

வெறுமையாக விட்ட கட்டத்தை நிரப்புவதற்குப் போலந்துக்காரனையே வரவழைத்தார். மேசையில் வரிசையாகச் சாமான்கள். ஆறிய பிளேன்டீ, ஆறாத பிளேன்டீ, வெயிலில் கிடந்த தகரத்துண்டு, ஈரத்துணி போர்த்திய கஞ்சிப்பானை, கடைசியில் ஸ்திரிக்கைப்பெட்டி. போலந்துக்காரன் ஒவ்வொன்றாகத் தொட வேண்டும். தொட்டுவிட்டு, கொப்பியில் நாங்கள் வாசித்துக் காட்டும் சொற்களில் எது பொருத்தம் என்று தலையாட்ட வேண்டும். டிஸ்பென்சர் உடனே அந்தச் சாமானுக்கு, ஸ்டோரில் இரவல் வாங்கிய பெரிய தெர்மோமீட்டரை வைப்பார். பாவம், அந்த மனிதன் தொட்டான். ஸ்திரிக்கைப்பெட்டியையும் தொட்டான். "யேஸுஸ் மரியா!" என்று கூரை அதிரக் கத்தினான். நான் ஆவலாக எழுதப் போனேன்.

டிஸ்பென்சர் என் கையைப் பிடித்தார். "எழுதாத. அது சூட்டுச் சொல் இல்ல, செபம்." சிலுவை போட்டுக்கொண்டு, விரலுக்குக் களிம்பு தடவிவிட்டார்.

எல்லாம் அகப்பட்டது, பேக்கி மட்டும் அகப்படவில்லை. "வெந்ததுக்குப் பொறவு, கருகுறதுக்கு முந்தி. ரெண்டுக்கும் நடுவுல ஒரு சூடு இருக்கு. அதுக்கு இவன்கிட்ட ஒரு சொல் இருக்கும். அகராதிக்காரன் விட்டுட்டான்" என்று நகத்தைக் கடித்தார். போலந்துக்காரன் கிளம்ப ஒரு கிழமைதான் இருந்தது. அந்த ஒரு சொல் கிடைத்தால் ஸ்டோர் பிழைத்தது என்று அவர் நம்பினார். அவர் நம்பியதால் நானும் நம்பினேன். ராத்திரி படுத்தால் மாமனார் முகம் பேக்கியாகத் தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை துரை, விருந்தாளிக்கு ஊர் காட்டுகிறேன் என்று போலந்துக்காரனை ரிவர்ஸ்டன் மலைக்குக் கூட்டிப் போனார். பனியும் காற்றும் மழையும் சேர்ந்து அடித்தன. திங்கட்கிழமை அவன் மருந்துச்சாலைக் கட்டிலில் கிடந்தான். கால் இரண்டும் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. முதலில் குளிர், பிறகு மெல்ல மெல்ல ஏறுகிற காய்ச்சல்.

டிஸ்பென்சரின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

நாலு மணி நேரத்துக்கொரு தரம் சூடு பார்த்து, சுவரில் மாட்டிய காய்ச்சல் தாளில் புள்ளி வைத்தார். புள்ளிகளைக் கோடு போட்டுச் சேர்த்தார். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு சொல் கேட்டார். நெற்றியைத் தொட்டுக் காட்டி, புருவத்தைத் தூக்குவார். அவன் சொல்லுவான். முதலில் சிரித்துக்கொண்டு சொன்னான். செவ்வாய்க்கிழமை காலையில் சிரிக்காமல் சொன்னான். மத்தியானம் நூற்றுமூன்றைத் தாண்டியது. அவன் உதடு வெடித்திருந்தது. கையை நீட்டினான்.

காய்ச்சல் மாத்திரை டிஸ்பென்சரின் உள்ளங்கையில் இருந்தது. வெள்ளைக் குளிசை, இரண்டு. அவர் அதைக் காட்டினார். பிறகு கையை மூடிக்கொண்டார்.

"இப்ப எப்படி? சொல்லு. எப்படிச் சுடுது?" என்று தமிழிலேயே கேட்டார். நெற்றியைத் தொட்டார்.

"கொரொன்ச்கா" என்றான் அவன். காய்ச்சல்.

"அது இருக்கு. அதுக்கு மேல."

அவன் மூடிய கையையே பார்த்துக்கொண்டிருந்தான். சுவர்க் கடிகாரம் ஓடியது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லித் தொலையேண்டா, ஒரே ஒரு சொல், எனக்குக் கல்யாணமாக வேண்டும் என்று உள்ளுக்குள் அவனைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அவன் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முனகினான். "மாமோ."

"எழுது, எழுது!" என்றார் டிஸ்பென்சர். "மா... மோ. நூத்துமூணரை. ஜாருக்கு மேலயா கீழயான்னு கேக்கணும்."

பேனாவை வைத்துவிட்டேன். "ஐயா, குடுத்துருங்க. அவன் அம்மாவைக் கூப்பிடுறான்."

டிஸ்பென்சர் என்னைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். அது யாருடைய கை என்று அவருக்கே சந்தேகம் வந்த மாதிரி இருந்தது. அவசர அவசரமாகத் தண்ணீர் ஊற்றினார், பாதி கட்டிலில் கொட்டியது. அவன் ஒரு குளிசையைத்தான் விழுங்கினான். மற்றது எங்கே போனது என்று தேட எங்களுக்குப் புத்தி ஓடவில்லை.

ஒரு மணி நேரத்தில் வேர்த்தது. அவன் தலையணையில் சாய்ந்து தெளிவாக விழித்துக்கொண்டிருந்தபோது டீமேக்கர் வந்தார். நோயாளியைப் பார்க்க வந்தாரா, திட்ட வந்தாரா என்று தெரியவில்லை. வந்தவரின் கண் சுவரில் இருந்த தாளில் விழுந்தது. கீழே தொடங்கி, மெல்ல மெல்ல ஏறி, கடைசியில் உச்சிக்குப் போய் நின்ற கோடு.

"அட, இது யாரு போட்டது? இதுதானே இவன் மெஷின்!"

"இது இவரோட காய்ச்சலுங்க" என்றேன்.

"காய்ச்சலோ கருமமோ. இப்படித்தான் சூடு போகுது உள்ள. மொத பாதியில குளுந்து கெடந்து அவியுது, கடைசிப் பாதியில பொசுங்குது. நான் கேக்குறது என்னா தெரியுமா?" தாளைச் சுவரிலிருந்து பிடுங்கினார். முதுகுப்பக்கம் தெரியும்படி திருப்பி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். மை ஊறித் தெரிந்தது. கோடு இப்போது உச்சியில் தொடங்கி, மெல்ல மெல்ல இறங்கியது. "இது! இத்தன நாளா இதத்தானய்யா சொல்றேன்!" மறு கையால் கட்டில் சட்டத்தில் பளாரென்று ஓர் அறை. அப்புறம் ஒரு தடவல்.

போலந்துக்காரன் எழுந்து உட்கார்ந்தான். தாளைப் பார்த்தான், டீமேக்கரைப் பார்த்தான், கட்டில் சட்டத்தைப் பார்த்தான். "ஆஆ!" என்றான். அந்த "ஆஆ"வை மொழிபெயர்க்க யாரும் தேவைப்படவில்லை.

மறுநாளே போர்வையைச் சுற்றிக்கொண்டு ஸ்டோருக்கு இறங்கி வந்து, அடுப்புக் காற்று போகிற வழியை மாற்றினான். முன்பக்கம் அடித்து, பின்பக்கம் தடவியது சூடு. அந்தக் காய்ச்சல் தாளை அப்படியே, முதுகு தெரிய, டிரையரின் மீது தொங்கவிட்டார்கள். நான் அந்தத் தோட்டத்தை விட்டு வரும்வரை அது அங்கேதான் தொங்கியது.

வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் வந்தது. "வெல் ஃபயர்ட்." நன்றாகச் சுட்டிருக்கிறது. துரை பூரித்துப்போய், "சொல்லு, இவனுக்குச் சொல்லு!" என்று டிஸ்பென்சரைப் பிடித்துத் தள்ளினார்.

"சுட்டதுக்கு ஆறு சொல் இருக்குங்க தொரை" என்றார் டிஸ்பென்சர் தாழ்ந்த குரலில். "நல்லதுக்கு நான் பாக்கல."

ஆறையும் வரிசையாகச் சொன்னார். போலந்துக்காரன் துரையின் பல்லைப் பார்த்து விஷயத்தைப் புரிந்துகொண்டான். மொழிபெயர்ப்புச் சேவையைப் பாராட்டி டிஸ்பென்சருக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் வந்தது. டீமேக்கருக்கு ஒன்றும் வரவில்லை. "எம் பேச்ச தமிழ்லயிருந்து தமிழுக்கு மாத்துறதுக்கு ஒரு ஆள் வச்சா தேவல" என்று சொல்லிவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

ஆனால் டிஸ்பென்சர் அந்தக் கிழமை ஆளே மாறிப்போயிருந்தார். போலந்துக்காரன் வருகிற பாதையில் வரமாட்டார். மூக்காயி ஒருநாள் காய்ச்சலோடு வந்து, ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்ததை எடுத்துவிட்டாள். "ஈரச் சாக்குக்குள்ள நெருப்ப வச்சுத் தைச்சாப்புல இருக்குதுங்கய்யா." பெஞ்சு முழுக்க அசந்துவிட்டது. அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "இந்தா, மொதல்ல இதப் போடு" என்று குளிசையைக் கையில் திணித்தார். அவள் முகம் விழுந்துவிட்டது.

போலந்துக்காரனை மாத்தளை ரயில் ஸ்டேசனில் கோச்சி ஏற்றிவிட நாங்கள் இருவரும் போனோம். துரையின் உத்தரவு, தப்ப முடியவில்லை. டிஸ்பென்சர் அகராதியைத் திருப்பிக் கொடுத்தார். அவன் அதை வாங்கி, ஒரு நிமிஷம் யோசித்து, திரும்ப அவரிடமே நீட்டினான். வைத்துக்கொள் என்று சைகை. அவர் கையை நீட்டினார். அவன் அகராதியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

மற்றக் கையைச் சட்டைப் பைக்குள் விட்டு எடுத்து, விரித்துக் காட்டினான். உள்ளங்கையில் ஒரு வெள்ளைக் குளிசை. காட்டிவிட்டு, கையை மெல்ல மூடினான். புருவத்தை உயர்த்திக்கொண்டு காத்திருந்தான்.

எனக்குக் காது சுட்டது. எந்தச் சூடு என்று கேட்காதீர்கள்.

டிஸ்பென்சர் வாயைத் திறந்தார். அறுபது சூட்டுச் சொற்கள் தெரிந்த மனிதர். மன்னிப்புக்கு ஒன்று தெரியாது. அதையும் அவர் பார்க்கவில்லை. கார்டு விசிலை எடுத்து உதட்டில் வைத்துவிட்டார். போலந்துக்காரன் இன்னும் மூடிய கையோடு கோச்சி வாசற்படியில் நின்றான்.

டிஸ்பென்சர் தெர்மோமீட்டர் இருந்த பையின் மேல் கையை வைத்தார். பிறகு மார்பில் அடித்துக்கொண்டார். "மேயா குல்பா" என்றார். இன்னொரு தரம் அடித்து, "மேயா குல்பா." மூன்றாவது தரம் பிளாட்பாரத்தில் வெற்றிலைக்காரி திரும்பிப் பார்க்கும்படி சத்தமாக. "மேயா மாக்ஸிமா குல்பா." என் பிழையே, என் பெரும் பிழையே. நானும் பக்கத்தில் நின்று மெல்ல மார்பில் தட்டிக்கொண்டேன். நான் சைவன்தான். ஆனால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது நானும்தானே.

போலந்துக்காரன் கையைத் திறந்தான். குளிசையை டிஸ்பென்சரின் உள்ளங்கையில் வைத்தான். அதன்மேல் அகராதியை வைத்தான். தொப்பியைத் தூக்கினான். கோச்சி நகர்ந்தது.

அது போய் மறையும்வரை நின்றோம். பிறகு டிஸ்பென்சர் அந்தக் குளிசையை எடுத்து வாயில் போட்டு, தண்ணீர் இல்லாமல், கடித்து மென்றார். பையிலேயே கிடந்து ஓரம் பழுத்திருந்த குளிசை. முகம் சுருங்கிக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"என்னங்கய்யா செய்றீங்க? எப்படி இருக்கு?"

"கசக்குது."

என் வாய் சும்மா இருக்காது. "எப்படிக் கசக்குதுங்க?"

தோட்டத்து பஸ் வந்து நின்றது. ஏறி, உட்கார்ந்து, அகராதியை மடியில் வைத்து, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கசக்குது தம்பி" என்றார். "அவ்வளவுதான். கசக்குது."